ஜீப்புக்குச் சாத்திய வடைமாலை

ஜீப்பின் முன் கண்ணாடி வழியாக எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. மேகம்கூட இல்லாத சுத்தமான வானம். ஒரு வண்டியில் உட்கார்ந்து நேரே பார்த்தால் ரோடு தெரிய வேண்டும், மரம் தெரிய வேண்டும், குறைந்தபட்சம் முன்னால் போகிற லாரியின் முதுகாவது தெரிய வேண்டும். வானம் மட்டும் தெரிந்தால் நாம் விமானத்தில் இருக்க வேண்டும். நான் இருந்தது பழைய ஜீப்பின் பின்சீட்டில். என் காலுக்குக் கீழே ஆரவல்லி மலையின் பள்ளம். ஐப்பசியில் என் ஒரே மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது.

பஜனை மண்டலி அன்பர்களே, போன புரட்டாசியில் எனக்கு நடந்ததை எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன். வாயால் சொன்னால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆஞ்சநேயர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருக்கும் கோமதிநாயகம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயரைக் கும்பிடுகிறவன். ஆனால் உங்களில் பல பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. எங்கள் ஆபீசில் நான் பக்திக்குப் பேர் போனவன் இல்லை, குரங்கு விரட்டுவதற்குப் பேர் போனவன்.

டெல்லி சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் திறந்திருந்தால் குரங்கு உள்ளே வரும். ஃபைலைக் கிழிக்கும், டப்பாவைத் திறக்கும், பெரிய அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து சுழலும். இவற்றை மிரட்ட, இவை பயப்படுகிற லங்கூர் என்னும் கருமுகக் குரங்கு மாதிரிக் குரல் கொடுக்கும் ஆள் ஒருவரைக் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள். அவர் வராத நாளில் நான் அந்தச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். அவரைவிட எனக்கு நன்றாக வந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தேன் என்றால் மூன்று மாடிக் குரங்கும் காலி. மற்ற செக்‌ஷன்களிலிருந்து ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை காலையில் அனுமனுக்குத் துளசி மாலை, திங்கட்கிழமை காலையில் அவருடைய ஆட்களுக்குக் கம்பு. இதில் எனக்கு ஒரு முரண்பாடும் தெரிந்ததில்லை.

இனி ஜீப்புக்கு வருகிறேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்த சந்திரமௌலி, கும்பகோணத்துக்காரன், கொஞ்சம் முன்னதாகவே ரிட்டயர்மெண்ட் வாங்கிக்கொண்டான். வந்த பணத்தில் மனிதர்கள் வீடு வாங்குவார்கள், காசிக்குப் போவார்கள். இவன் பழைய ஜீப் ஒன்றை வாங்கினான். கரடுமுரடான பாறையில் வேண்டுமென்றே வண்டி ஓட்டுவதற்கு ஆஃப்-ரோடிங் என்று பெயராம். நல்ல ரோடு போட வேண்டும் என்று நாம் எல்லோரும் மனுப்போட்டுக்கொண்டிருக்கும் ஊரில், ரோடு இல்லாத இடமாகத் தேடிப் போகிற ஒரு கூட்டம் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ராத்திரியெல்லாம் செல்போனில் வீடியோ பார்த்தே மௌலி இதில் பண்டிதனாகிவிட்டான்.

ஒரு சனிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பலாம் என்றான். கூட அவனுடைய மாப்பிள்ளை விக்னேஷ். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், குர்கானில் கம்ப்யூட்டர் வேலை, தமிழ் கொஞ்சம் தடுமாறும். நாலாவது ஆள் எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ் ஹர்ஜீத் சிங். நல்ல ஆகிருதி. என் வீட்டுச் சமையல் என்றால் உயிரை விடுவார். எனக்கும் கல்யாண வேலையில் இருந்து ஒரு நாளாவது தப்பினால் போதும் என்றிருந்தது. மண்டபம், மேளம், பூ என்று காதில் விழாத ஓர் இடம் வேண்டும், அது பாறையாக இருந்தாலும் பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டேன்.

என் மனைவி செண்பகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொண்ணு கல்யாணத்த வச்சிக்கிட்டுப் பாறையில வண்டி ஓட்டப் போறியளோ? கையில கால்ல அடிபட்டா தாரை வார்க்கதுக்கு நான் யாரத் தேடுவேன்?" என்று கேட்டாள்.  இரண்டு நாள் கழித்து ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். கிளம்புகிற அன்று காலையில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திவிட்டுத்தான் வண்டி மலை ஏற வேண்டும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறுப்பு உளுந்து வாங்கி வந்து, விடியற்காலை குளித்துவிட்டு, மிளகு தட்டிப் போட்டு மொறுமொறுவென்று வடை சுட்டுக் கோத்து வைத்தாள். வாசனை மாடிப்படி முழுக்க நின்றது. ஹர்ஜீத் ஒன்றே ஒன்று கேட்டார். சாமிக்குச் சாத்தாமல் கொடுக்கமாட்டேன் என்று செண்பகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

நம் கோவிலுக்குப் போய்விட்டுப் போகலாம் என்று நான் சொன்னதை மௌலி கேட்கவில்லை. எதிர்த் திசை, டிராஃபிக் ஆகிவிடும், வழியிலேயே ஹனுமான் மந்திர் இருக்கிறது, அங்கே வண்டிக்கும் பூஜை போட்ட மாதிரி ஆகும் என்றான். ரோட்டோரத்தில் சின்னக் கோவில். செந்தூரம் அப்பிய அழகான அனுமன். நான் மாலையை அங்கே பூஜை செய்யும் பண்டிட்ஜியிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துக் கால் கழுவப் போனேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

வடக்கே அனுமனுக்கு லட்டு வைப்பார்கள், பூந்தி வைப்பார்கள், செந்தூரம் பூசுவார்கள். வடையை நூலில் கோத்துக் கழுத்தில் போடும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. பண்டிட்ஜி பாவம், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். வாசலில் பூஜைக்கு ஒரு ஜீப் நிற்கிறது. மதராஸிகள் வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார், இதுவும் அந்த வகைதான் என்று முடிவு பண்ணிவிட்டார். நான் திரும்பி வரும்போது ஜீப்பின் முகப்புக் கம்பியில் வடைமாலை தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்புக் கயிற்றால் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு, ஆரத்தியும் காட்டி முடித்திருந்தார்.

ஓடினேன். இது வண்டிக்கு இல்லை, சாமிக்கு என்று ஹிந்தியில் சொன்னேன். அவர் நிதானமாக, வண்டிக்குப் போட்டுவிட்டோம், இனி அதை எடுத்து பகவானுக்குப் போடலாமா, நீங்களே சொல்லுங்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது. மௌலி ஹார்ன் அடித்தான். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வழியில் செண்பகம் போன் பண்ணி மாலை சாத்தியாச்சா என்று கேட்டாள். சாத்தியாச்சு என்றேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஆரவல்லிப் பாறைகள் பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்தாலும் அடியில் மண் நெகிழ்ந்து கிடந்தது. முதல் ஒரு மணி நேரம் எங்கள் எலும்பெல்லாம் இடம் மாறியதைத் தவிர ஆபத்து ஒன்றும் இல்லை. ஹர்ஜீத் முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அப்புறம் ஒரு செங்குத்தான ஏற்றம். வலது பக்கம் பாறைச் சுவர், இடது பக்கம் பள்ளம். "பயப்படாதேடா கோமதி, இதே மாதிரி ஏத்தம் வீடியோல எத்தனை பாத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே மௌலி வண்டியை ஏற்றினான். முக்கால்வாசி ஏறினோம். பின்பக்க இடது சக்கரத்துக்குக் கீழே இருந்த மண் அப்படியே சரிந்தது.

வண்டி பின்னால் சறுக்கி, நடுவயிறு ஒரு பாறைமேல் தட்டி நின்றது. பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில். முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டன. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் சீசா பலகை இருக்குமே, அந்த மாதிரி முன்னும் பின்னும் மெல்ல ஆடியது. அப்போதுதான் எனக்கு வானம் தெரிந்தது.

முன்னால் இருக்கும் இரண்டு பேரும் கதவைத் திறந்து இறங்கிவிடலாம். இறங்கினால் முன்பக்கம் லேசாகி, பின்னால் இருக்கும் நானும் மாப்பிள்ளையும் பள்ளத்துக்குள் போய்விடுவோம். எங்களுக்கு இருந்த ஒரே கதவு பின்கதவு. அதைத் திறந்தால் நேரே பள்ளம். ஹர்ஜீத் நகரவே கூடாது என்று எல்லோரும் ஒரே குரலில் கெஞ்சினோம். அத்தனை வருஷமாக அவரை உடம்பைக் குறையுங்கள் என்று கேலி செய்தவர்கள் நாங்கள். அவர் மூச்சைக்கூட எண்ணி எண்ணி விட்டுக்கொண்டு, வாஹேகுரு வாஹேகுரு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இழுப்பதற்குக் கயிறு எங்கே என்று கேட்டேன். மௌலி திரும்பாமலே, அதையும் ஜாக்கியையும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டதாகச் சொன்னான். புளியோதரைத் தூக்குக்கும் தயிர்சாதத்துக்கும் இடம் வேண்டும் என்று அவன் மனைவி சொன்னாளாம். ஆஃப்-ரோடு போகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். கயிற்றை இறக்கிவிட்டு மோர்மிளகாய் ஏற்றிக்கொண்டு போனவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

மாப்பிள்ளை படித்தவர். பின்னால் இருக்கும் கனத்தை முன்னால் மாற்றலாம் என்றார். தூக்கு, டப்பா, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, குழந்தையைக் கைமாற்றுவது போல முன்னே கொடுத்தோம். ஹர்ஜீத் மடியில் தயிர்சாதம், தோளில் புளியோதரை. ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் முன்சக்கரம் தரையைத் தொடவில்லை. எங்கள் காலுக்குக் கீழே சரளைக்கல் உதிரும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. ஒவ்வொரு தடவை உதிரும்போதும் வண்டி ஒரு விரல் அளவு பின்னால் போனது. மௌலி யாரோ உதவி ஆளுக்குப் போன் போட்டான். வருவதற்குச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். "மாப்ளே, கொஞ்சம் அசையாம இருங்கோ" என்றான்.  அவன் பெண்ணின் வாழ்க்கை அந்தப் பின்சீட்டில் இருந்தது.

என் பெண்ணின் கல்யாணமும் அங்கேதான் இருந்தது. அவளுக்கு நான் இன்னும் புடவைக்குப் பணம் கொடுக்கவில்லை என்று ஏனோ அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. மணவறையில் என் இடம் காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். சுலோகம் ஒன்றும் வரவில்லை. வருஷக்கணக்காகச் சொல்லிவந்த அத்தனையும் மறந்துபோயிற்று. எங்கள் ஊர்ப் பேச்சில் வாய்விட்டுத்தான் பேசினேன்.

"ஐயா, உமக்குக் கொண்டுவந்த மாலை இந்த வண்டி மூஞ்சியில கெடக்கு. தப்புதான். கழட்டி உம்மகிட்ட கொண்டுவாரதுக்கு எனக்கு இப்ப வழியில்ல. நீரே வந்து எடுத்துக்கிடும். எம் மகளத் தாரை வார்த்துக் குடுக்கதுக்கு மட்டும் என்னைய விட்டு வையும்."

அழுதேன். வெட்கம் எல்லாம் பார்க்கவில்லை. பக்கத்தில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணைத் திறந்தால், பானெட்டின் மேல் ஒரு குரங்கு.

பெரிய ஆண் குரங்கு. எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, யாரும் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக என்னையே பார்த்தது. பிறகு குனிந்து வடைமாலையை முகர்ந்து பார்த்து ஒன்றைக் கடித்தது. பாறைச் சுவரின் மேலிருந்து இன்னொன்று குதித்தது. அதன் பின்னால் குட்டியைச் சுமந்துகொண்டு ஒரு தாய். அப்புறம் ஒரு கூட்டமே இறங்கியது. முகப்புக் கம்பியில் தொங்குகிறதும், பானெட்டில் உட்கார்ந்து இழுக்கிறதுமாக வண்டியின் மூக்கே தெரியவில்லை.

மௌலிதான் முதலில் வாயைத் திறந்தான். "ஐயோ, இதுகள் குதிச்சா வண்டி போயிடும். கோமதி, உன்னோட அந்த லங்கூர் சத்தத்தப் போடுடா" என்றான். அவன் கையும் ஹார்ன் பக்கம் போனது. நானும் பழக்க தோஷத்தில் மூச்சை இழுத்துவிட்டேன். சத்தம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. கண்ணாடியில் வானத்துக்குப் பதிலாகப் பாறை தெரிந்தது. புதர் தெரிந்தது. வண்டியின் மூக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

இழுத்த மூச்சை அப்படியே விழுங்கினேன். "மௌலி, ஹார்ன்ல கைய வைக்காத. வந்திருக்கது யாருன்னு தெரியலையா? கியரப் போடு" என்றேன்.

டக் என்று ஒரு சத்தம். முன்சக்கரங்கள் பாறையில் உட்கார்ந்தன. அடுத்தாற்போல ஒரு பெரிய குரங்கு பானெட்டில் வந்து விழுந்தது. மௌலி நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டு, ராம ராம என்று சொல்லிக்கொண்டே மெதுவாக விட்டான். வண்டி உறுமியது. குரங்குகள் பல்லைக் காட்டின. ஆனால் ஒன்றுகூட இறங்கவில்லை, ஏனென்றால் மாலை கையோடு வரவில்லை. பண்டிட்ஜி போட்ட முடிச்சு அப்படி. அவை இழுக்க இழுக்க, நாங்கள் ஏற ஏற, அந்தரத்தில் இருந்த பின்சக்கரம் கரையைத் தொட்டுப் பிடித்துக்கொண்டது. ஆஞ்சநேயரின் படை முன்னால் உட்கார்ந்து வர, ஏற்றத்தின் உச்சியில் சமதளத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே வந்ததும் கயிறு அறுந்தது. மாலையைத் தூக்கிக்கொண்டு எல்லாம் மரத்துக்குப் போய்விட்டன. முதலில் வந்த பெரியவர் மட்டும் ஒரு வடையோடு பானெட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அவசரமில்லாமல் இறங்கிப் போனார்.

நாங்கள் நாலு பேரும் இறங்கி அந்த மண்ணில் விழுந்து கும்பிட்டோம். ஹர்ஜீத் தயிர்சாதத் தூக்கைக் கீழே வைக்க மறந்து அதோடேயே விழுந்தார். மௌலி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதான். கல்யாணத்தன்றுகூட அவரை அவன் கட்டிக்கொண்டதில்லை. எல்லாம் முடிந்தபிறகு ஹர்ஜீத் மரத்தைப் பார்த்து, எனக்கு ஒரு வடைகூடக் கிடைக்கவில்லையே என்று ஹிந்தியில் பெருமூச்சு விட்டார். அங்கேயிருந்து தார் ரோடு வழியாகவே வீடு திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமைவரை தங்குவது என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை வழியெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். "அங்கிள், இது சிம்பிள் வெயிட் பேலன்ஸ்தான். வடை ஸ்மெல்லுக்கு மங்கி வந்துச்சு, தட்ஸ் ஆல்" என்றார். வாஸ்தவம். நான் மறுக்கவில்லை. வடை வாசனைக்குத்தான் வந்தன, கனத்தில்தான் வண்டி இறங்கியது. ஆனால் சாமி கழுத்துக்குப் போக வேண்டிய மாலையை ஜீப்பில் கட்ட வேண்டும் என்று பண்டிட்ஜிக்குத் தோன்றவைத்தது யார்? அத்தனை முடிச்சுப் போடச் சொன்னது யார்? இதை அவரிடமே கேட்டேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து நம் பஜனைக்கு வருகிறார். பின்வரிசையில் தாளம் தப்பித் தப்பிப் போடுகிறவர் அவர்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், மாலை யாருக்குச் சாத்தப்பட்டது என்பது உட்பட. திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் என் கை கால்களை எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க போட்டா என்ன? வாங்கிக்கிட்டது அவருதான" என்று சொல்லி, பூஜை அலமாரி முன்னால் போய் நின்று ரொம்ப நேரம் அழுதாள்.

ஐப்பசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. என் மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்த்தபோது எனக்கு அந்த மலைதான் ஞாபகம். வாய் திறந்து அந்தச் சத்தத்தைப் போட்டிருந்தால் இந்தக் கையைப் பிடிக்க நான் இருந்திருக்க மாட்டேன். கண்ணீரைப் பார்த்துவிட்டு, பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று சம்பந்தி வீட்டார் சமாதானம் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.

இப்போது ஆபீசில் என்னைத் தேடி ஆள் வருகிறது. மூன்றாம் மாடியில் குரங்கு, சார் கொஞ்சம் வந்து குரல் கொடுங்கள் என்கிறார்கள். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எத்தனை மாதத்துக்குத்தான் ஒருவனுக்குத் தொண்டை கட்டும் என்று மேலதிகாரி கேட்கிறார். குரங்குக்குத் தின்னக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம், நான் சர்க்கார் ஊழியன், கொடுப்பதில்லை. ஆனால் போன வாரம் என் டப்பாவை ஒருவர் ஜன்னல் வழியாக எடுத்துக்கொண்டு போனபோது எழுந்து நின்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் கம்பைத்தான் எடுக்கப்போகிறேன் என்று நினைத்தார்கள். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அன்பர்களே, கஷ்டத்தில் இருக்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், சுலோகம் மறந்துபோனாலும் பரவாயில்லை, உங்கள் வீட்டுப் பேச்சிலேயே கூப்பிடுங்கள். கட்டாயம் வருவார். வந்தவரை மட்டும் விரட்டிவிடாதீர்கள்.